கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க

ஜனவரி 6

அன்புள்ள வாலுக்கு,

பெரியக்கா எழுதுகிறேன். நான் சுகம். இருமல் போய்விட்டது, முழங்கால் வலி வந்திருக்கிறது. ஒன்று போனால்தானே இன்னொன்று வந்து உட்கார இடம் கிடைக்கும்? நடுவுளவளும் அவள் வீட்டுக்காரரும் சுகம், அவர்கள் சண்டையும் சுகம். உன் உடம்பு எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

"இந்தக் காலத்துல யாரு கடுதாசி எழுதுறா, போன் போட்டுப் பேசு" என்று எல்லோரும் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். தறிக்கூடத்தில் காதைக் கொடுத்துவிட்டு வந்தவள் போனை வைத்துக்கொண்டு என்ன செய்ய? காதில் வைத்தால் டப்பாவுக்குள் வண்டு பறக்கிற சத்தம்தான். நேரில் என்றால் வாய் அசைவதைப் பார்த்துப் பிடித்துக்கொள்வேன். போனுக்கு வாய் ஏது?

சங்கதிக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற மேஜைக்குப் புது சூப்பர்வைசர் வந்திருக்கிறார். மனுஷன் தங்கம், கொஞ்சம் வம்பு. நேற்று நான் வெட்டி வைத்த சட்டையைப் புரட்டிக்கொண்டே கேட்டார்:

"ஏம்மா, உன் தம்பி அந்தப் பெரிய பார்க்குல மலைப்பாம்பு ரயிலு ஓட்டுறான்னு சொல்றியே, நீ அதுல ஏறியிருக்கியா?"

"இல்லைங்க."

"பார்த்தாவது இருக்கியா?"

"இல்லைங்க."

"ம்" என்றார். வாயை மூடிக்கொண்டு சொல்கிற "ம்" எனக்குக் கேட்காது. ஆனால் அது முகத்தில் தெரிந்தது. மேஜையில் இருந்த அத்தனை பேரும் கத்தரியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அப்போதே முடிவு பண்ணிவிட்டேன். நீ வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. கேட்டால் லீவு இல்லை என்கிறாய். சரி, உனக்குத்தான் லீவு இல்லை, எனக்கு உண்டு. நான் வருகிறேன். "லீவர் என் கையில இருக்கு. நான் தள்ளினா பாம்பு போகும், இழுத்தா நிக்கும்" என்று எழுதினாயே, அந்தக் கையை நான் பார்க்க வேண்டும். உன்னைத் தூக்கி வளர்த்தவள், நீ இத்தனை பேரைத் தூக்கி மேலே அனுப்புவதைப் பார்க்காமல் இருந்தால் எப்படி? அந்தப் பாம்பில் ஏறி உட்கார்ந்து கீழே உன்னைப் பார்த்துக் கை ஆட்டுவேன். எப்போது வரலாம், எழுது.

உன் பெரியக்கா


ஜனவரி 25

அன்புள்ள பெரியக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முழங்காலுக்கு ஒரு உறை விற்கிறார்கள், வாங்கிப் போட்டுக்கொள். நடுவுக்காவைக் கேட்டதாகச் சொல்.

நீ நினைக்கிற மாதிரி வந்ததும் ஏறிவிட முடியாது அக்கா. பார்க்குக்குள் வர வாசலிலேயே டிக்கெட் கிடைக்கும். ஆனால் மலைப்பாம்புக்குத் தனியாக புக்கிங் வேண்டும். அதற்கு ஒரு ஆப் இருக்கிறது. விடியற்காலையில் திறக்கும், நீ கண்ணைக் கசக்குவதற்குள் ஏறுகிற நேரத்துக்கான ஸ்லாட் எல்லாம் போய்விடும். ஒவ்வொருத்தருக்கும் பேர், பிறந்த தேதி எல்லாம் கேட்கும். ஒற்றை ஆளை ஏற்ற மாட்டார்கள், ஒரு பெட்டிக்கு இரண்டு பேர். படித்தவர்களே திணறுகிறார்கள். ஸ்லாட் இல்லாமல் வந்து எத்தனை பேர் அழுதுகொண்டு திரும்பிப் போகிறார்கள் தெரியுமா?

அதோடு, வேலை நேரத்தில் உன்னிடம் என்னால் பேச முடியாது. என் வார லீவன்று வா. பஸ் ஸ்டாண்டுக்கு நான் வருகிறேன், உட்கார்ந்து டீ குடிக்கலாம், சாயங்காலம் பஸ் ஏற்றி விடுகிறேன். பார்க் வேண்டாம். பாம்பு எங்கே போகப்போகிறது?

தம்பி


பிப்ரவரி 9

அன்புள்ள வாலுக்கு,

சுகம். உறை வாங்கினேன். வலது கால் உறை கேட்டேன், "ரெண்டு காலுக்கும் ஒண்ணுதாம்மா" என்றான் கடைக்காரன். போட்டுப் பார்த்தால் வலி அப்படியே இருக்கிறது, வேர்க்க மட்டும் செய்கிறது. நீ சளி பிடிக்காமல் இருக்கிறாயா?

டீ குடிக்க நான் அவ்வளவு தூரம் வரணுமா? டீ இங்கேயே கிடைக்கிறது.

புக்கிங் கதையைக் கேள். முக்குக் கடைக்காரன் இருக்கிறானே, செல்போனைப் பிரித்துப் பல் குத்துகிற குச்சியால் நோண்டிக்கொண்டு இருப்பானே, அவனைப் பிடித்தேன். "காலையில பத்து மணிக்கு மேல வாங்கம்மா" என்றான். ஆப் திறப்பது விடியற்காலை. நான் இருட்டோடு போய் அவன் ஷட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பால்காரர் பார்த்துப் பயந்து அவனை எழுப்பிக்கொண்டு வந்துவிட்டார். கண்ணில் பாதித் தூக்கத்தோடு திறந்தான்.

முதலில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது, சுற்றியது. "உங்களுக்கு முன்னாடி ஆயிரக்கணக்குல ஆள் நிக்கிறாங்கம்மா" என்றான். திரும்பிப் பார்த்தேன், தெருவில் ஒரு நாய்தான் நின்றது. பாம்பில் ஏறும் முன்னே எனக்குத் தலை சுற்றிவிட்டது. அப்புறம் சின்னச் சின்னப் படமாகக் காட்டி, பஸ் இருக்கிற படத்தை எல்லாம் தொடு என்றது.

"எதுக்குடா?"

"நீங்க மனுஷிதானான்னு பார்க்குதும்மா."

"அதைப் பார்த்தா தெரியாதா அதுக்கு?"

தொட்டோம். ஒரு மூலையில் பஸ்ஸின் கண்ணாடி மட்டும் தெரிந்தது. அது பஸ்ஸா இல்லையா என்று எனக்கும் அவனுக்கும் வாக்குவாதம். அதற்குள் நேரம் முடிந்து முதலிலிருந்து வரச் சொன்னது.

ஜோடிக்கு நடுவுளவள் பேரைக் கொடுத்தேன். அவள் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னால்தான் உள்ளே விடுமாம். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் போனை எடுத்து, "ஏதோ நம்பர் கேக்குறாங்க, இதெல்லாம் திருட்டுப் பசங்க" என்று கட் பண்ணிவிட்டார்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். கடைசியில் எல்லாம் சரியாக வந்து, பேரும் பிறந்த தேதியும் போட்டு அமுக்கினால், "இந்த நபர் ஏற்கனவே பதிவு செய்யப்பட்டுள்ளார்" என்கிறது. எந்த நபர்? நானும் நடுவுளவளும் ஒரே நபராம்!

கடைக்காரன் கையை விரித்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது அப்பா பண்ணின வேலை. உனக்குத் தெரியாது, நீ அப்போது பிறக்கவில்லை. அப்பாவுக்கு அவர் அம்மா பேரைத் தவிர உலகத்தில் வேறு பேர் பிடிக்காது. எனக்கும் அதையே வைத்தார், அவளுக்கும் அதையே வைத்தார். வீட்டில் பெரியவள், நடுவுளவள் என்று கூப்பிட்டால் போதாதா? பிறப்புப் பதிவு எழுத வந்தவர், "ரெண்டாவது பொண்ணு பொறந்த தேதி என்ன?" என்று கேட்டிருக்கிறார். "மூத்தவளுக்குப் போட்டதையே போடுங்க. ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே பொறந்தாங்க?" என்றாராம் அப்பா. அவரும் அப்படியே எழுதிவிட்டுப் போய்விட்டார். கல்யாணம், ரேஷன், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் இத்தனை வருஷமாக முகத்தைக் காட்டிச் சமாளித்தோம். இந்த ஆப்புக்கு முகம் இல்லை, என்ன செய்ய?

ஆனால் நான் விடுவதாக இல்லை. நடுவுளவளையும் என்னையும் ஒரு இடத்தில் வைக்கவே முடியாது என்று ஊரே சொல்லும். அவளும் நானும் ஒரே ஆள் என்று ஒரு மெஷின் சொல்கிறது. பார்த்துவிடலாம்.

பெரியக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள பெரியக்காவுக்கு,

சுகம். சளி இல்லை.

அதை விட்டுவிடு அக்கா. அந்த ஆப்பைச் செய்தவர்களாலேயே அதைச் சரி பண்ண முடியவில்லை. போன வாரம் ஒருத்தர் வயசான அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். எல்லாம் ஒழுங்காகப் பதிவு பண்ணியிருந்தார். போன் சார்ஜ் இறங்கிப்போனது, காட்ட முடியவில்லை. "என் மூஞ்சியைப் பார்த்தா பொய் சொல்ற மாதிரியா இருக்கு?" என்று கேட்டார். இல்லைதான். ஆனால் என்ன பண்ண முடியும்? அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

உனக்கு எதற்கு இந்த அலைச்சல்? காலை வலிக்க விடாதே.

தம்பி


மார்ச் 14

அன்புள்ள வாலுக்கு,

சுகம். உன் கடிதம் தந்தி மாதிரி இருக்கிறது. பேனாவில் மை இல்லையா, மனசில் தெம்பு இல்லையா?

முதலில் நல்ல சேதி. புக்கிங் கிடைத்துவிட்டது! கடைக்காரன் என் பேரை அவன் போனில் போட்டான். அதே நேரத்தில் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அவன் மச்சான் நடுவுளவள் பேரை வேறு போனில் போட்டான். இவன் "அமுக்கு!" என்று கத்த, அவன் அமுக்க, இரண்டு போனிலும் பச்சை. மே மாதம் முதல் ஞாயிறு, ஒரே ஸ்லாட், ஜோடியை வாசலில் சேர்த்துக்கொள்வார்களாம். நான் அந்தக் கடை வாசலில் கையைத் தட்டியதில் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

இப்போது கெட்ட சேதி. உன்னிடம் ஒரு புகார் சொல்ல வேண்டும். எங்கள் மேஜைக்கு அடுத்த மெஷினில் காஜா எடுக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள். நான் புக்கிங் புக்கிங் என்று பேசுவதைக் கேட்டு அவளுக்கும் ஆசை வந்து, பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு எனக்கு முன்னாலேயே அங்கே போய்விட்டாள். ஸ்லாட்டும் போட்டிருந்தாள். பஸ் தாமதம், கொஞ்சம் பிந்திவிட்டது. க்யூ வாயில் ஒருத்தன் நிற்கிறானாம். தலையில் பாம்புத் தொப்பி, நாக்கு வெளியே தொங்குகிறது, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. கையிலிருக்கிற மெஷினைக் காட்டி, "நேரம் தாண்டிடுச்சுங்க. கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க" என்றானாம். இவள் கெஞ்சியிருக்கிறாள். பிள்ளைகள் அழுதிருக்கின்றன. அவன் இவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லையாம். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டானாம்.

"அவன் வீட்டுல அக்கா தங்கச்சி இருந்தா இப்படிப் பண்ணுவானா?" என்று காஜா எடுத்துக்கொண்டே அழுதாள். அன்றைக்கு ஒரு சட்டைக்கும் பட்டன் ஓட்டை நேராக வரவில்லை. நானும் என் பங்குக்குத் திட்டினேன். எருமை மாட்டுக்குத் தொப்பி போட்டு நிறுத்தியிருக்கிறார்கள், வாங்குகிற சம்பளத்துக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் நாக்கு அறுந்தா விழும், தொப்பிக்கு இருக்கிற நாக்கு அவனுக்கு இல்லையா என்றெல்லாம் சொன்னேன். மேஜையே சிரித்தது.

நீ மேலே லீவரோடு இருப்பவன். கீழே நடப்பது உனக்குத் தெரியாது. பெரிய ஆபீசரிடம் சொல்லி அந்த ஆளை வேறு எங்காவது மாற்றச் சொல்.

பெரியக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள வாலுக்கு,

சுகமா? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. உடம்பு சரியில்லையா? தபால்காரர் என் வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறார், பாவம், அவர் தப்பு மாதிரி.

நடுவுளவள் புதுச் செருப்பு வாங்கிவிட்டாள். "பாம்பு தலைகீழா போறப்ப செருப்பு விழாதா?" என்று தினமும் கேட்கிறாள். விழுமா? அதற்காகவாவது பதில் போடு.

பெரியக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள பெரியக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. செருப்பை முன்னாலேயே கழற்றி வைக்கச் சொல்வார்கள்.

அந்த ஆளைப் பற்றி எழுதியிருந்தாய். அவன் என்ன செய்வான் அக்கா? மெஷினில் பச்சை வந்தால் உள்ளே, சிவப்பு வந்தால் வெளியே. சிவப்புக்கு ஒருத்தரை விட்டால் மேலே எண்ணிக்கை உதைக்கும், அன்றைக்கே அவனுக்குக் கணக்கு முடியும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே இடத்தில் நிற்கிறான். தண்ணீர் குடிக்கக் குனிந்தால் சங்கிலியைத் தாண்டிவிடுவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் "ஒதுங்கி நில்லுங்க" சொல்கிறான் என்று அவனுக்கே தெரியாது. போன மாதம் ஒரு அம்மா அவன் மேல் ஐஸ்கிரீமை வீசிவிட்டுப் போனார். அவன் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் "வாங்க" என்றான். முகத்தைப் பார்க்கவில்லை என்று காஜா எடுப்பவர் சொன்னாரே. பார்த்தால் அவனால் சொல்ல முடியாது. அதனால்தான் பார்ப்பதில்லை. கறுப்புக் கண்ணாடியும் வெயிலுக்கு இல்லை.

மே மாதம் எனக்கு ஷிப்ட் மாறும் போல இருக்கிறது. நீ வருகிற அன்றைக்கு நான் அங்கே இல்லாமல் போகலாம். அதனால் வர வேண்டாம். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 24

அன்புள்ள வாலுக்கு,

சுகம்.

இரண்டு வருஷமாக லீவரைப் பற்றி இரண்டே வரி. அந்த ஆளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் அதிகம் பள்ளிக்கூடம் போகாதவள். ஆனால் வந்த கடிதத்தைப் பிரித்துப் பிரித்துப் படிக்கிறவள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீ இருந்தாலும் வருகிறேன், இல்லாவிட்டாலும் வருகிறேன்.

பெரியக்கா


மே 12

அன்புள்ள வாலுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். நடுவுளவளுக்குப் புதுச் செருப்பு கடித்துக் குதிகாலில் கொப்புளம். மற்றபடி சுகம். நீ கால் வீக்கத்துக்கு வெந்நீர் வைத்துக்கொள்.

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும்தான். ஆனால் நீ நாள் முழுக்கத் தலையைத் தூக்கவே இல்லை. அதனால் நான் பார்த்ததை நான் சொல்கிறேன், கேள்.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். மேலே தகரம், தகரத்தில் ஒரு மின்விசிறி, அது சுற்றாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. பாம்பு மேலே போகும்போது மொத்தச் சனமும் வாயைப் பிளந்தது. எனக்குச் சத்தம் இல்லை, வாய் மட்டும்தான் தெரிந்தது. நடுவுளவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயசுக்குப் பிறகு இப்போதுதான் பிடிக்கிறாள்.

க்யூ நகர நகர, தூரத்தில் பாம்புத் தொப்பி தெரிந்தது. தொப்பியைப் பார்க்கவில்லை நான், காலைப் பார்த்தேன். ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதத்தை வைத்துக்கொண்டு கொக்கு மாதிரி நிற்கிறவன் இந்த உலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? நடுவுளவளும் பார்த்துவிட்டாள். "அக்கா, அது நம்ம..." என்று ஆரம்பித்தாள். அவள் கொப்புளத்தின் மேலேயே மிதித்தேன். சண்டை போட வந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

எங்கள் முறை வந்தது. முக்குக் கடைக்காரன் எனக்கு இரவல் கொடுத்திருந்த போனை நீ வாங்கி மெஷினைக் காட்டினாய். சிவப்பு. அவள் போனையும் காட்டினாய். அதுவும் சிவப்பு. பச்சை வந்த அன்றைக்கே இரண்டையும் ஒரே ஆள் என்று சேர்த்து, ஒரே ஆளுக்கு இரண்டு ஸ்லாட் எதற்கு என்று இரண்டையும் ரத்து பண்ணிவிட்டதாம். இதைப் பின்னால் நின்ற ஒரு காலேஜ் பெண் படித்துச் சொன்னாள்.

உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு பிரிந்தது, மூடியது, மறுபடி பிரிந்தது. "ஸ்லாட் இல்லைங்க. கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க" என்றாய். என்னைப் பார்த்து "ங்க" போட்டுப் பேசியது உன் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

அப்புறம் உன் கை சங்கிலிக் கொக்கிக்குப் போனது. கழற்றியே விட்டாய். உனக்கு மேலே கேமரா இருந்தது, பக்கத்துக் காவல் கூண்டில் ஒருத்தர் எழுந்து நின்றார். எனக்கு அந்தக் கணம் பாம்பும் வேண்டாம், வானமும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. சங்கிலியை உன் கையிலிருந்து வாங்கி நானே மாட்டினேன். "சிவப்புன்னா சிவப்புதாங்க. நாங்க ஒதுங்கி நிக்கிறோம்" என்றேன். நீ தலையைக் குனிந்தவன்தான், அப்புறம் நிமிரவில்லை.

ஒதுங்கி நிற்கச் சொன்னாய், நின்றேன். எவ்வளவு நேரம் என்று நீ சொல்லவில்லையே. பிசிறு வெட்டுகிறவளுக்கு நிற்பது ஒரு வேலையா? நடுவுளவள் நிழல் தேடிப் போய்விட்டாள். நான் கம்பியோரம் உன் பக்கத்திலேயே நின்றேன்.

ஒரு தொந்தி மனுஷன் வந்தாரே, சிவப்பு வந்ததும் கையை ஓங்கிக்கொண்டு கத்தினாரே. அவர் உன்னைப் பார்த்துத்தான் கத்தினார், ஆனால் நான் நடுவில் போய், "எனக்குக் காது கேக்காதுங்க. கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்றேன். அவர் மறுபடி கத்தினார். "வாயைப் பார்த்துதாங்க புரிஞ்சுக்குவேன். நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க" என்றேன். மூன்றாவது தடவை அவர் நிறுத்தி நிறுத்தி, "நான்... லீவு... போட்டுட்டு... வந்தேம்மா" என்றார். அவ்வளவுதான், கோபம் எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. கோபத்தை வேகமாகத்தான் சொல்ல முடியும் போல. மெதுவாகச் சொன்னால் அது வருத்தமாகிவிடுகிறது. "ஆமாங்க, நானும் ராப்பகலா அலைஞ்சு வந்தேன், எனக்கும் சிவப்புதான்" என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஆப்பைத் திட்டினோம். போகும்போது உன்னிடம், "உன் மேல தப்பு இல்லப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை நீ கேட்டாய். உன் தோள் குலுங்கியது. சிரித்தாயா, வேறு ஏதாவதா என்று பின்னால் நின்ற எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் பூட்டுகிற வரைக்கும் அப்படியே போனது. சிவப்பு வந்தவர்கள் எல்லாம் என் பக்கம் வந்துவிட்டார்கள். பேச்சுக்குப் பஞ்சமே இல்லை.

லீவரையும் பார்த்தேன். மேலே கண்ணாடி அறைக்குள் இருக்கிறது. ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். நன்றாக ஓட்டுகிறாள்.

பதில் எழுது.

பெரியக்கா


ஜூலை 2

அன்புள்ள பெரியக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பல தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நடுவுக்காவின் குதிகால் ஆறிவிட்டதா?

நீ போன மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டார். சங்கிலியைக் கழற்றியதை கேமராவில் பார்த்திருக்கிறார்கள். "யாரு அந்தம்மா?" என்று கேட்டார். "என் அக்கா" என்றேன். "அவங்க மாட்டலைன்னா இன்னைக்கு நீ வீட்டுல இருப்ப" என்றார். அப்புறம், "நாள் முழுக்க அவங்க அங்க என்ன பண்ணுனாங்க? அன்னைக்கு ஒரு புகார்கூட வரலையே" என்று கேட்டார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

இப்போது யாராவது கத்தினால், "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்கிறேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். பாதிப் பேரிடம் பலிக்கிறது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். கண் கூசுகிறது, பழகிவிடும்.

என் வார லீவில் புக்கிங் ஆபீசுக்குப் போனேன். அங்கேயும் க்யூ. அங்கே நிற்கிறவன் என்னையே ஒதுங்கி நிற்கச் சொன்னான். ஒதுங்கி நின்றேன். அடுத்த வாரமும் போனேன், அதற்கு அடுத்த வாரமும். கடைசியில் ஒரு அதிகாரி, "ரெண்டு பேருக்கும் பேரு ஒண்ணு, தேதி ஒண்ணுன்னா அது ஒரே ஆளுதானேப்பா?" என்றார். "சார், ஒருத்தி சண்டை போடுவா, ஒருத்தி போட மாட்டா. ரெண்டு பேரும் என்னை வளர்த்தாங்க. எனக்குத் தெரியும்" என்றேன். நீங்கள் இரண்டு பேர் என்று கம்ப்யூட்டரில் போட்டுவிட்டார். இனிமேல் சேர்க்காது.

ஆகஸ்டில் கூட்டம் குறையும். இந்தத் தடவை நானே கூப்பிடுகிறேன். வா அக்கா. நான் அங்கேதான், அதே இடத்தில்தான் நிற்கிறேன்.

தம்பி


ஜூலை 10

அன்புள்ள வாலுக்கு,

எல்லோரும் சுகம். குதிகால் ஆறிவிட்டது, வாய் ஆறவில்லை. யார் சண்டை போடுகிறவள், யார் போடாதவள் என்று நீ அதிகாரியிடம் பேரைச் சொன்னாயா என்று கேட்கிறாள். நான் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டேன்.

எங்கள் சூப்பர்வைசர், "பாம்புல ஏறினியாம்மா?" என்று மறுபடி கேட்டார். நீ கிழித்துக் கிழித்து எழுதிக்கொண்டிருந்த நாளில்தான் கேட்டார், உன்னைக் கேட்டுக்கொண்டு பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. "இல்லைங்க. தம்பி திருப்பி அனுப்பிட்டான்" என்றேன்.

"கூடப் பொறந்தவளையேவா?"

"மெஷின் சிவப்பு காட்டுச்சுங்க. அவன் வேலை அதுதான். லீவர் இழுக்கிறது வேற ஆளு. என் தம்பி வாசல்ல நிக்கிறான். ஒரு நாளைக்கு ஊரே வந்து அவனைத் திட்டுது, அவன் எல்லாரையும் வாங்க போங்கன்னுதான் பேசுறான். நீங்க ஒரு நாள் நின்னு பாருங்க, தெரியும்."

மேஜை பிசிறு வெட்டிக்கொண்டிருந்தது. காஜா எடுக்கிறவள் மட்டும் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தாள்.

ஆகஸ்ட் இரண்டாவது ஞாயிறு. முக்குக் கடைக்காரன் ஒரே அமுக்கில் புக்கிங் போட்டுவிட்டான். நடுவுளவளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும். மனுஷன் இப்போதே பயத்தில் சாப்பிடுவதைக் குறைத்துவிட்டார். அவர்கள் இரண்டு பேரும் ஏறட்டும், மேலே போய்க் கத்திவிட்டு வரட்டும். சண்டைக்கு அதுதான் நல்ல இடம்.

கடைக்காரன், "உங்களுக்கு எந்த ஸ்லாட்டும்மா போட?" என்று கேட்டான். ஏறினால் பெல்ட்டைப் போட்டுக் கழற்றுவதற்குள் முடிந்துவிடும், இறங்கி வேறு வழியாக வெளியே போகச் சொல்வார்கள். போன தடவை காலையிலிருந்து பூட்டுகிற வரைக்கும் உன் பக்கத்தில் நின்றேன்.

எனக்குப் போடவில்லை. வருகிறேன்.

உன் பெரியக்கா